வலக்கன்னம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்குச் சாப்பிட வருகிற எல்லாருக்கும் செத்தவரின் பெயரில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதைக் கல்வெட்டு என்போம். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், பிறகு செத்தவரின் வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். மானிப்பாயில் இருபது வருஷமாக இதை அடித்துக் கொடுக்கிற கடை என்னுடையது. இந்த இருபது வருஷத்தில் ஒரு கெட்ட மனிதர்கூட என் கடை வாசலுக்கு வரவில்லை. எல்லாரும் ஊருக்கு உழைத்தவர்கள், கோபமென்றால் என்னவென்று தெரியாதவர்கள்.

என் கொம்பியூட்டரில் மூன்று கோட்டுகள் இருக்கின்றன. கறுப்பு, சாம்பல், நீலம். உயிரோடு இருக்கும்போது சேட்டுக்குத் தெறி பூட்டாத மனிதருக்கும் கோட்டுப் போட்டு, ரை கட்டி, பின்னால் நீல வானத்தை விட்டுக் கொடுப்பேன். வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகளும் சகோதரங்களும் அப்படித்தான் கேட்பார்கள். மானிப்பாயில் பாதிப்பேர் ஒரே கறுப்புக் கோட்டோடுதான் மேலே போயிருக்கிறார்கள். இதில் எனக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. சண்முகநாதன் சாகும்வரை இருந்ததில்லை.

சண்முகமண்ணைக்கு எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு. குத்தகைத் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் மாறி மாறிச் செய்தவர். போன வைகாசியில், சோளகக் காற்று செம்மண் புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கத் தொடங்கியிருந்த நேரம், காலமை வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் வாய்க்கால் வரம்பில் அப்படியே இருந்துவிட்டார். பம்ப் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பாத்தி நிரம்பி வழிந்து பக்கத்துத் தோட்டக்காரரின் மிளகாய்க்குள் தண்ணீர் போக, அவர் ஏசிக்கொண்டு வந்து பார்த்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு.

அண்ணையின் வலக்கன்னம் கடைசிச் சண்டையில், மாத்தளனில் போனது. இரண்டாயிரத்து ஒன்பது, பங்குனி. எறிகணைத் துண்டொன்று தாடை எலும்போடு சேர்த்து ஒரு பிடி சதையைக் கொண்டுபோய்விட்டது. ஆசுப்பத்திரியில் தைத்த தோல் கண்ணின் கீழிமையைப் பிடித்து இழுத்து வைத்திருந்தது. முகாமில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அவர் தோளில் ஒரு துவாய் கிடக்கும். யாரும் கதைக்க வந்தால் துவாயின் நுனி தானாக வலக்கன்னத்துக்குப் போகும். கலியாண வீட்டில் கமராக்காரன் தலைகாட்டினால் மனிதர் வாழைமரத்துக்குப் பின்னால் போய் நிற்பார். ஒழுங்கையில் நாங்கள் எல்லாரும் அதற்குப் பழகிவிட்டோம். அவரை இடப்பக்கத்தாலேயே பார்த்துக் கதைக்கப் பழகிவிட்டோம்.

ஆகவே ஆளுக்குப் படம் இல்லை. கலியாண அல்பம் மாத்தளனில் பதுங்குகுழிக்குள்ளேயே போயிற்று. தம்பி சுதாகரன் காயத்துக்கு முன்னமே கனடாவுக்குப் போகும்போது கொண்டுபோன ஒரேயொரு படத்தில் அண்ணை தேர்வடம் பிடித்தபடி குனிந்து நிற்கிறார், உச்சந்தலை மட்டும் தெரிகிறது. மிஞ்சினது பழைய அடையாள அட்டை. வியர்வையும் மழையும் பட்டு, அந்த முத்திரை அளவுப் படத்தில் இடப்பக்கம் ஓரளவு முகமாகவும் வலப்பக்கம் வெறும் கறுப்பாகவும் இருந்தது. மரண அறிவித்தல் படமில்லாமலேயே மதிலில் ஒட்டப்பட்டது.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து ஒரு கிழமையால் சுதாகரன் என்னை அழைத்தான். கல்வெட்டில் அண்ணன் காயத்தோடு இருக்கக்கூடாது, கறுப்புக் கோட்டுப் போடு, ஆள் ஆளாக இருக்கவேணும் என்றான். சொல்லும்போது அழுதான். நானும் மனமொத்துத்தான் வேலையில் இறங்கினேன். அடையாள அட்டையைப் பெரிதாக்கி, இடக்கன்னத்தை வெட்டி, திருப்பி, வலப்பக்கத்தில் ஒட்டினேன். கறுத்துப்போன கண்ணுக்குப் பதிலாக மற்றக் கண்ணைக் கொண்டுவந்து வைத்தேன். ஒட்டுத் தெரியாமல் தேய்த்தெடுக்க இரண்டு நாள் பிடித்தது. அவ்வளவு திறமாக நான் வேறெந்த முகத்தையும் செய்ததில்லை. தடித்த தாளில் அடித்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அண்ணையின் மனைவி குணலட்சுமி முற்றத்துப் பந்தலுக்குக் கீழே வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். ஆள் செத்தாலும் வெங்காயம் காத்திருக்காது. சொந்தக்காரர் கிண்டி வந்து குவித்துவிட்டார்கள். தாள் காய்ந்ததைச் சேர்த்துப் பிடி பிடியாக முடிந்து கூரை வளையில் தூக்கவேணும். மகள் கோபிகா முன்பள்ளியிலிருந்து வந்த உடுப்போடேயே பக்கத்தில் இருந்து தாளுருவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது, அதிகம் கதைக்கமாட்டாள். எனக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி வந்தது.

குணலட்சுமி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். கன நேரம் பார்த்தார்.

“இது ஆர் தம்பி?”

“அண்ணைதானே அக்கா.”

திரும்பவும் பார்த்தார். “அவருக்கு ஒரு மச்சம்தானே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இடக்கண்ணுக்குக் கீழேயிருந்த மச்சமும் கன்னத்தோடு சேர்ந்து மற்றப் பக்கத்துக்கு வந்திருந்தது. இரண்டு நாள் கண்பூத்துப் பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. ஒரு மச்சத்தை அழித்துவிடலாம் அக்கா என்றேன். அவர் கோபிக்கவில்லை. அழித்தாலும் இது அவரில்லைத் தம்பி, இந்த மனிசனைப் பார்த்து என்னால் அழ ஏலாது, முப்பத்தொண்டுக்கிடையில் அவற்றை முகத்தை எப்படியாவது எடுத்துத் தா என்றார். எங்கேயிருந்து எடுப்பது? நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அப்போதுதான் படலையில் ஸ்கூட்டி வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பருத்திச்சேலை, விரல் நகங்களில் கரி. மதிலில் இருந்த அறிவித்தலை முழுக்க வாசித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பெயர் ஜெயகௌரி, உடுவிலில் இருக்கிறாராம், சித்திரம் படிப்பிக்கிற ரீச்சராம். அண்ணை இரண்டு சனிக்கிழமை வரவில்லை, போனும் எடுக்கவில்லை, உடம்புக்கு வருத்தமாக்கும் என்று பார்க்க வந்தாராம். அதைச் சொல்லிக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் உடுவிலில் ஒரு ரீச்சரின் வளவு துப்புரவாக்கப் போகிறேன் என்று அண்ணை வீட்டில் சொல்லியிருந்தார். அக்கா அதைச் சொன்னார்.

“வளவுக்கு முதல் வருஷம்தான் வந்தவர்” என்றார் ரீச்சர். “பிறகு நாலு வருஷமா நான் பாத்துப் படம் கீறுறதுக்கு வந்து இருந்தவர்.”

எங்களுக்கு விளங்கவில்லை. ரீச்சர் மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினார். கை, கால், முதுகு, எலும்பு, சதை எல்லாம் சரியாக வரவேணுமென்றால் உயிருள்ள ஒரு ஆளை முன்னால் இருத்திப் பார்த்துப் பார்த்துக் கீறவேணும். இங்கே அதற்கு யாரும் வந்து இருக்கமாட்டார்கள். அண்ணை கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கேட்டாராம். என்னை வைத்து என்னத்தைக் கீறப்போறியள் என்று சிரித்தாராம். பிறகு ஓமென்றாராம்.

வீட்டுக்காரன் சனிக்கிழமை தோறும் வேறொரு பெண்ணின் வீட்டில் மேலில் துணியில்லாமல் இரண்டு மணித்தியாலம் இருந்தான் என்றால் எந்த மனைவிக்கும் முகம் சுருங்கும். நான் பயந்துகொண்டு அக்காவைப் பார்த்தேன். அக்காவின் முகம் வெளித்திருந்தது.

“அப்ப அவற்றை படம் இருக்கோ உங்களிட்டை?”

“நிறைய இருக்கு.”

ரீச்சர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அதற்குள் உள்ளே போய்ச் சாமியறையில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் ரீச்சருக்குச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு வாங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பின்னேரம் ஓட்டோ பிடித்து நாங்கள் மூன்று பேரும் போனோம். படத்தைப் பார்த்து அப்படியே கல்வெட்டுக்கு எடுக்கலாம் என்று நானும் கமராவைக் கொண்டு போனேன். அக்கா வெள்ளைச்சேலை உடுத்து, தோட்டத்து வெங்காயத்தில் இரண்டு பிடி கொண்டு வந்திருந்தார். கோபிகா வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரீச்சரின் அப்பா புகையிலைத் தோட்டக்காரர். அவர் புகையிலைக்குப் புகை போட்ட குடில்தான் இப்போது ரீச்சரின் வேலையிடம். மண்சுவர் இன்னும் கறுத்துத்தான் இருந்தது, புகையிலைக் காரம் தொண்டையில் ஏறியது. வடக்குப் பக்கத்துச் சுவரை உடைத்து ஒரு பெரிய யன்னல் வைத்திருந்தார். அந்த யன்னலுக்கு எதிரே ஒரு மரமுக்காலி. அண்ணை இருந்த முக்காலி. மூலையில் ஒரு பால்மாத் தகரப்பேணி, அதற்குள் பூவரசங்குச்சிகளை அடைத்து மண் பூசி நெருப்பில் போட்டெடுத்த கரி. அண்ணைதான் குச்சி வெட்டிச் சீவிக் கொடுப்பாராம்.

ரீச்சர் நெல்லிரசம் கரைத்துத் தந்துவிட்டு, பெரிய லாச்சியைத் திறந்து தாள்களை எடுத்துப் பாயில் விரித்தார்.

நான் படம் பார்க்கத் தெரிந்தவனில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு மண்வெட்டிப் பிடி ஞாபகம் வந்தது. பெருவிரல் நகம் பிளந்த கை. வெடித்த குதிக்கால். கமுக்கட்டுக்குக் கீழே விலா எலும்புகள். முக்காலியில் குனிந்திருந்து குச்சி சீவுகிற உடம்பு. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். கையை அறிந்தார். காலை அறிந்தார். முதுகு வந்தபோது அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷமாகச் சைக்கிள் கரியரில் பின்னாலிருந்து பார்த்த முதுகு, இந்த இடத்தில்தான் வியர்வை முதலில் ஊறும் என்று விரலால் தொடாமல் காட்டினார்.

தாள்கள் முடிந்தன. அக்கா ஒருக்கால் பிரட்டிப் பார்த்தார். பிறகு வேகமாக இன்னொருக்கால் பார்த்தார். எல்லாம் கழுத்தோடு நின்றன. சிலவற்றில் கழுத்துக்கு மேலே ஒரு வெறும் வட்டம் இருந்தது.

“முகம் எங்கை ரீச்சர்?”

ரீச்சர் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். முதல் நாளே அண்ணை இரண்டு விஷயம் கேட்டாராம். வீட்டுக்குத் தெரியவேண்டாம், முகத்தை விட்டுவிட்டுக் கீறுங்கோ. அதற்கு ஓம் சொல்லித்தான் தொடங்கினது.

“நாலு வருஷமும் ஒரு நாள்கூடவோ?” என்றார் அக்கா. “அவர் அங்காலை திரும்பின நேரத்திலையாவது ஒண்டு கீறி வச்சிருக்கக்கூடாதோ?”

“அவர் திரும்பி இருக்கேல்லை அக்கா. நேரை பாத்துக்கொண்டுதான் இருக்கிறவர். நான்தான் கீறேல்லை.”

“துவாயைப் பிடிச்சுக்கொண்டு எப்பிடி நேரை இருக்கிறது?”

ரீச்சர் சுவரில் அறைந்திருந்த ஒரு ஆணியைக் காட்டினார்.

“வந்த உடனை துவாயைக் கழட்டி அதிலை கொழுவிப்போட்டுத்தான் இருக்கிறவர். போகேக்கைதான் எடுக்கிறவர். எனக்குக் கன்னமும் ஒண்டுதான், முழங்காலும் ஒண்டுதான். வெளிச்சம் எங்கை விழுது, நிழல் எங்கை விழுது எண்டுதான் பாப்பன். அது அவருக்குச் சுகமா இருந்ததாக்கும். சில நாள் கீறி முடிஞ்ச பிறகும் எழும்பாமல் யன்னல் காத்துப்பட இருக்கிறவர்.”

அக்கா எழுந்து வெளியே போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி, சோளகம் சேலையைப் பிய்த்துக்கொண்டு போக, கிணற்றுக்குள் பார்த்தபடி நின்றார். கோபிகா போகவில்லை. அவள் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவர் நேரே ரீச்சரிடம் போய் இப்போது கீறுங்கோ என்றார். ரீச்சர் தயங்கினார். கேட்டவர் செத்துப்போனார் என்பதற்காகக் கொடுத்த வாக்கு இல்லாமல் போய்விடாது என்று மெல்லச் சொன்னார். அப்படியானால் நான் சொல்லச் சொல்லக் கீறுங்கோ, அது நான் கீறின மாதிரி, வாக்கை மீறின பாவம் என்னோடை போகட்டும் என்றார் அக்கா. பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ரீச்சர் ஓமென்றார்.

அன்றைக்கே தொடங்கினார்கள். அக்கா முக்காலியில் இருக்கமாட்டேன் என்று பாயில் இருந்தார். நெற்றி ஏறினது, கொஞ்சம் அகலம், முன்மயிர் நரைத்தாலும் சுருள் விடவில்லை, மூக்கு அவற்றை தாய் மாதிரி நடுவில் ஒரு மேடு. சொல்லச் சொல்ல ரீச்சர் கீறினார். பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி, முன்னால் யாருமில்லாத முக்காலியைப் பார்த்து அளவெடுத்தார். இடப்பக்கம் நல்லாக வந்தது. மச்சம் ஒன்றுதான், சரியான இடத்தில்.

வலப்பக்கம் வந்ததும் அக்கா, அந்தப் பக்கத்தைப் போலத்தான் இந்தப் பக்கமும் என்றார். ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சொன்னபடியே கீறினார். பொழுது சாய யன்னல் வெளிச்சம் குறைந்தபோது பலகையில் ஒரு முகம் இருந்தது. நல்ல முகம். நாற்பது வயதில் அவர் அப்படித்தான் இருந்திருப்பார். அக்கா கும்பிட்டுவிட்டு அழுதார். நான் இரண்டு நாள் கொம்பியூட்டரில் செய்ததை இவர்கள் கரியில் செய்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கோபிகாதான் சொன்னாள்.

“இது அப்பா இல்லை.”

“உனக்கு என்னடி தெரியும்? உனக்கு அப்ப ஒம்பது வயது” என்றார் அக்கா.

“அதுதான் சொல்லுறன். எனக்கு இவரைத் தெரியாது. என்ரை அப்பாவுக்குக் கன்னத்திலை பள்ளம் இருந்தது. நான் வாயிலை சோறு தீத்தேக்கை அந்தப் பக்கத்தாலை கொஞ்சம் வழியும், நான் துடைச்சுவிடுவன். முகாமிலை நித்திரை வராத நேரம் அந்தப் பள்ளத்துக்குள்ளை விரலை வச்சுக்கொண்டுதான் படுப்பன். அதை எடுத்துப்போட்டு ஆரோ ஒராளின்ரை முகத்தைப் போட்டு அப்பா எண்டு சொல்லாதேங்கோ அம்மா.”

ஒழுங்கையில் அவள் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. அக்கா ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் கரிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, நானும் பார்த்தது பிள்ளை சொல்லுகிற முகத்தைத்தான் என்றார். ஆனால் அக்கா சொன்னால்தான் கீறுவேன், சொல்லுங்கோ, எப்படி இருந்தது என்று கேட்டார்.

காற்று கூரை ஓடுகளைச் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்கா மடியிலிருந்த தன் கையைப் பார்த்தபடி சொன்னார்.

“அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது ரீச்சர்.”

பாயில் கிடந்த முதுகுப் படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்.

“ஆசுப்பத்திரியிலை கட்டு அவிழ்த்த அண்டைக்கு நான்தான் பக்கத்திலை நிண்டனான். நேர்ஸ் பஞ்சை எடுத்தவா. நான் பாத்தன். பாத்திட்டு முகத்தைத் திருப்பிப்போட்டன். வேணுமெண்டு செய்யேல்லை. கொஞ்ச நேரம்தான். நான் திரும்பிப் பாக்கேக்கை அவர் துவாயைத் தா எண்டு கையை நீட்டிக்கொண்டு இருக்கிறார். அதுக்குப் பிறகு எனக்கு அந்தப் பக்கத்தைக் காட்டேல்லை. சாப்பிடேக்கை என்னை இடப்பக்கம் இருத்துவார். படுக்கேக்கை அந்தப் பக்கம் சுவர்ப்பக்கம். நானும் காட்டுங்கோ எண்டு கேக்கேல்லை. கேட்டால் அவருக்கு நோகும் எண்டு நினைச்சன். அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டன். பதினாறு வருஷம் ரீச்சர். சவப்பெட்டியிலையும் மலர்ச்சாலைக்காரர் பஞ்சு வச்சு நிரப்பித்தான் கொண்டு வந்தவை. இஞ்சை வந்து துவாயைக் கழட்டி ஆணியிலை கொழுவியிருக்கிறார். என்ரை வீட்டிலை ஒரு ஆணி இருக்கேல்லை அவருக்கு.”

கோபிகா போய்த் தாயின் பக்கத்தில் இருந்தாள். ரீச்சர் முன்னால் இருந்த தாளைக் கழற்றிச் சுருட்டி அக்காவின் கையில் கொடுத்தார். இதுவும் உங்களுடையதுதான், வைத்திருங்கோ என்றார். புதுத்தாள் ஒன்றைப் பலகையில் குத்தினார்.

மூன்று பின்னேரம் போனது. இந்தமுறை சொன்னவள் கோபிகா. பள்ளம் காதுக்கு எவ்வளவு கிட்ட, தையல் எங்கே வளைகிறது, சிரிக்கும்போது வாயின் அந்த ஓரம் எப்படி அசையாமல் நிற்கும். ரீச்சர் அவள் விட்டதை நிரப்பினார். இமை இழுபட்ட கண்ணில் எப்போதும் ஒரு துளி ஈரம் நிற்கும் என்று சொல்லி, அந்த இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டார். அக்கா முதல் இரண்டு நாளும் பலகைக்குப் பின்பக்கம் பாயில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் புருஷன் எப்படி இருந்தார் என்று மற்ற இரண்டு பேரும் சொல்லக் கேட்டுக்கொண்டு ஒரு மனைவி இருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். சில இடங்களில், வெய்யிலுக்கு அது எரியுமோ என்று கேட்டார். ஓம் அம்மா, நான் எண்ணெய் தடவிவிடுகிறனான் என்றாள் கோபிகா.

மூன்றாம் நாள் ரீச்சர் கரியைக் கீழே வைத்துவிட்டு, வாங்கோ அக்கா என்றார். அக்கா எழுந்து சுற்றிக்கொண்டு வந்தார். முகத்தின் இடப்பக்கத்தால் வந்தவர் நடுவில் நின்று, பிறகு ஒரு எட்டு அங்காலே வைத்தார். முகத்தைத் திருப்பவில்லை.

நான் அந்த முகத்தை ஒரு புள்ளி தேய்க்காமல், கோட்டும் வானமும் இல்லாமல் கல்வெட்டின் முன்பக்கத்தில் வைத்தேன். அடிக்க முன்னர் சுதாகரனுக்கு அனுப்பியாகவேணும். அனுப்பின நிமிஷமே அழைப்பு வந்தது. அண்ணனை ஊர் பார்த்துப் பரிதாபப்படவோ இதைச் செய்தாய் என்று என்னைப் பேசினான். நான் போனைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா அவனை முழுக்கக் கதைக்க விட்டார். அவன் பார்க்காமல் போன முகம் இது, அவனுக்கு வேறு முகம்தான் தெரியும், அதில் அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவன் ஓய்ந்த பிறகு அக்கா சொன்னது இவ்வளவுதான்.

“சுதா, உன்ரை கொண்ணை உப்பிடித்தான் செத்தவர். நான் ஒருக்கால் முகத்தைத் திருப்பினது காணும், இனி ஏலாது.”

போனில், சரி அண்ணி என்று கேட்டது.

முப்பத்தோராம் நாள் காலமை கீரிமலையில் கிரியை முடித்துக்கொண்டு வந்தார்கள். ரீச்சர் கீறின படத்தைக் கண்ணாடி போட்டுப் பந்தலில் ஒரு கதிரையில் வைத்திருந்தோம். படத்தில் வலக்கன்னம் பார்க்கிறவருக்கு இடப்பக்கம். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தடிக்குப் போய், ஒருக்கால் பார்த்து, கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு மற்றப் பக்கத்தால் நகர்ந்தார்கள். பதினாறு வருஷப் பழக்கம். நானும் அப்படித்தான் நகர்ந்தேன்.

யாரோ ஒரு சொந்தக்கார மனிசி மல்லிகை மாலையைக் கொண்டுவந்து போட்டார். நேராகப் போடவில்லை. ஒரு பக்கத்தை இழுத்து, பூ அந்தக் கன்னத்தை மூடுகிற மாதிரிச் சரிசெய்துவிட்டு, இப்ப வடிவா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் செய்தார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். மாலையை இரண்டு கையாலும் எடுத்து விலக்கிச் சட்டத்தின் விளிம்பில் விட்டார். குத்துவிளக்கைத் தூக்கி அந்தக் கன்னத்தின் பக்கம் வைத்தார். பிறகு பாயை இழுத்துப் போட்டு அந்தப் பக்கத்திலேயே இருந்தார். பந்தி தொடங்கியது. பருப்பும் பூசணிக்காய்க் கறியும் போய், பாயசம் போய், முதற்பந்தி எழும்பி இரண்டாம் பந்தி இருந்தது. கல்வெட்டை வாங்கினவர்கள் அதை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். காலமையிலிருந்து ஒன்றும் வாயில் வைக்காத தாயைக் கோபிகா வந்து தோளில் தொட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

“கொஞ்சம் பொறு பிள்ளை” என்றார் அக்கா, திரும்பாமல். “நான் இன்னும் பாத்து முடியேல்லை.”